அது எந்த ஊர்க் காபி?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மின்சாரக் காரில் நெடும்பயணம் போவது பற்றி நாலு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் பிரமாதம். கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் எனக்கு ஆகவில்லை: "வழியில் நிறுத்தி ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் சார்ஜ் ஏறிவிடுகிறது." உங்கள் நிருபர் குடித்தது எந்த ஊர்க் காபி என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். தாம்பரம் தாண்டினால் நெடுஞ்சாலை ஓரம் எங்கே பார்த்தாலும் கும்பகோணம் டிகிரி காபி பலகைதான், பித்தளை டபராவில் அதை நான் ஆற்றி ஆற்றிக் குடித்தும் பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஏறிப் பார்த்ததில்லை.

நான் மின்காருக்கு எதிரி இல்லை. மூன்று வருடமாக வைத்திருக்கிறேன், 58,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. குரோம்பேட்டையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் பதினொரு தடவை போய் வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஓர் ஆலையில் 31 வருடம் எலெக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்த்தவன், அதனால் கிலோவாட் என்றால் என்ன, யூனிட் என்றால் என்ன என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். உங்கள் கட்டுரையில் இரண்டும் ஒன்றாகிக் கிடந்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

கணக்கைப் பாருங்கள். என் வண்டியில் இருப்பது 40 யூனிட் பேட்டரி. விளம்பரத்தில் 450 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்றார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்பது நீங்கள் அறியாததல்ல: வண்டியைச் சோதனைக்கூடத்தில் உருளை மேல் நிறுத்தி, வேகம் 90-ஐத் தாண்டாமல், பெரும்பாலும் ஊருக்குள் ஊர்வது போல ஓட்டி எடுப்பது. நாலுவழிச் சாலையில் ஏசி போட்டு 100-இல் போனால் 250 கிலோமீட்டர் வந்தாலே பெரிது. வேகம் 80-இலிருந்து 100 ஆனால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது, அதை யாராலும் ஏமாற்ற முடியாது. பெட்ரோல் வண்டிக்கும் இதே காற்றுதான். ஆனால் அந்த எஞ்சின் ஊருக்குள்ளேயே எரிபொருளில் பாதிக்கு மேல் சூடாக்கி வெளியே விட்டுப் பழகியதால், நெடுஞ்சாலையில் அது வித்தியாசமாகத் தெரிவதில்லை. மின்கார் சிக்கனக்காரன், அவன் கூடுதலாக ஒரு ரூபாய் செலவழித்தாலும் கண்ணுக்குத் தெரியும். (பெருங்களத்தூரிலும் பரனூரிலும் பொங்கல் நெரிசலில் மணிக்கணக்கில் ஊரும்போது மின்கார் எவ்வளவு சுகம், எவ்வளவு குறைவாகக் குடிக்கிறது என்பதை உங்கள் கட்டுரை சொல்லவே இல்லை. உண்மையான நல்ல விஷயத்தை விட்டுவிட்டு இல்லாததைப் புகழ்வானேன்?)

சரி, வீட்டில் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் உளுந்தூர்பேட்டையில் முதல் நிறுத்தம். சார்ஜ் இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். அங்கே இயந்திரத்தில் 60 கிலோவாட், அதாவது மணிக்கு 60 யூனிட் ஏற்றும் வேகம், என்று பெரிதாக எழுதியிருக்கும், வண்டியில் செருகும் துப்பாக்கி இரண்டு. நாம் போட்டு ஐந்து நிமிடம் ஜோராக ஏறும். பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து இன்னொரு துப்பாக்கியைச் செருகியதும் ஆளுக்கு முப்பது என்று பாகம் பிரிந்துவிடும். பலகையில் இதை எங்கும் எழுதவில்லை. 28 யூனிட் ஏற ஒரு மணி நேரம். எண்பது சதவீதத்துக்கு மேல் போகலாம் என்று ஆசைப்பட்டால் அது கிளம்பத் தயாரான பஸ்ஸில் கடைசி நாலு பேர் ஏறுகிற மாதிரி, முன்னால் ஐம்பது பேர் ஏறிய நேரம் அதற்கே ஆகும். பேட்டரியைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் ஊர் போய்ச் சேர இப்படி மூன்று நிறுத்தம். பத்தரை மணி நேரப் பயணம் எனக்குப் பதினான்காகிறது. நான் அதற்குத் தயாராகத்தான் இந்த வண்டியை வாங்கினேன், புகார் இல்லை.

புகார் மற்றதில். போன மே மாதம் மதுரைக்குத் தெற்கே ஒரு சார்ஜ் நிலையத்தில், போன் செயலியில் பச்சை விளக்கு எரிகிறதே என்று நம்பிப் போய் நின்றேன். திரை கறுப்பாக இருந்தது. காவலாளி, "போன வாரத்துலேந்தே ஓடல சார், அவங்ககிட்ட சொல்லியாச்சு" என்றார். கையில் 14 சதவீதம். அடுத்தது 38 கிலோமீட்டர் தள்ளி. ஏசியை அணைத்து, கண்ணாடியை ஏற்றி, 55-இல் இடது ஓரமாக, லாரிகளெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போக, நானும் என் மனைவியும் மே வெயிலில் வெந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது நாலு சதவீதம் மிச்சம். அந்த முக்கால் மணி நேரம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. போய் இறங்கினால் சார்ஜ் போடும் இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு டீசல் வண்டி. கேட்டதற்கு, "இங்கதான் சார் கூரை இருக்கு, நிழலா இருந்துச்சு" என்றார் டிரைவர். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கூரையை யாருக்காகப் போட்டார்கள் என்று அங்கே ஒரு பலகைகூட இல்லையே.

அப்புறம் செயலிகள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, ஒவ்வொன்றிலும் முன்பணம். என் போனில் ஏழு இருக்கின்றன, அவற்றில் சிதறிக் கிடக்கும் என் பணம் 840 ரூபாய். சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி வருவதற்காக வெயிலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பெட்ரோல் பங்கில் யாராவது முன்பணம் கேட்பார்களா? காரை வாங்கும்போது ஜிஎஸ்டி 5 சதவீதம் என்று தாராளம் காட்டிவிட்டு, வழியில் சார்ஜ் போட்டால் 18 சதவீதம் வாங்குகிறார்களே, இதைப் பற்றி உங்கள் இதழில் ஒரு வரி வந்திருக்கிறதா? யூனிட் இருபது ரூபாய்க்கு மேல் போகிறது. இருந்தாலும் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய்க்குள் அடங்கிவிடும், பெட்ரோலில் பாதிதான். அதையாவது எழுதியிருக்கலாம்.

கழிப்பறை பற்றி நான் எழுதினால் நீங்கள் அச்சிட மாட்டீர்கள். ஒரு மணி நேரம் காத்திருக்கிற இடத்தில் பெண்கள் போக ஓர் அறை, உட்கார ஒரு பெஞ்சு, ராத்திரியில் ஒரு விளக்கு. பங்கில் காற்று, தண்ணீர், கழிப்பறை எல்லாம் வைத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஓட்டல் பின்புறம், குப்பைத்தொட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் இரண்டு இயந்திரங்களை நிறுத்தினால் முடிந்தது என்று நினைப்பவர்களை யார் கேட்பது? உங்களைப் போன்ற இதழ்கள்தான் கேட்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் முன்பு உங்கள் மோட்டார் பகுதியில் ஒரு மின்காரை, கம்பெனி கொடுத்த வண்டியில், மாமல்லபுரம் வரை போய்வந்து, கடற்கரையில் படம் பிடித்து, "நெடுந்தூரத்துக்கு ஏற்றது" என்று முடித்திருந்தீர்கள். அப்போதும் எழுதினேன். வரவில்லை. அந்த வாரம் கடிதப் பகுதியில் இதழின் அட்டைப்படம் அழகாக இருந்ததாக மூன்று பேர் எழுதியது வந்தது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் மின்கார் ஆலையே திறந்தாகிவிட்டது. அந்த ஆலை வண்டியையே ஒன்று வாங்கி அங்கிருந்து சென்னைக்கு ஓட்டி வரச் சொல்லுங்கள் உங்கள் நிருபரை. படம் எடுக்க வேண்டாம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடிகாரத்தை மட்டும் பார்த்துக் குறித்து வரட்டும்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். காரைத் திட்டுகிறவர்களால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஊரில் போய் இறங்கியதும் என் மைத்துனர், "என்ன அத்தான், ஓட்டிட்டு வந்தீகளா, தள்ளிட்டு வந்தீகளா?" என்பார். வண்டி இப்படித்தான், இவ்வளவு நேரம் பிடிக்கும், அதற்கு இன்ன காரணம் என்று பேட்டரியும் வேதியியலுமாக விளக்கி ஒருவழியாக அவரை நம்ப வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் உங்கள் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு, "ஒரு காபிதானாமே அத்தான்?" என்று கேட்டிருக்கிறார். ஆக, குற்றம் இப்போது வண்டி மேலிருந்து என் மேல் வந்துவிட்டது. வழியில் நான்தான் மூன்று மணி நேரம் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் போலிருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மோட்டார் பகுதியில் வண்டியின் விலை போடும் கட்டத்தில், 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏசியோடு எவ்வளவு தூரம் போகிறது என்று இன்னொரு வரி சேருங்கள். சென்ற இதழின் அந்த வரிக்கு ஒரு திருத்தமும் வேண்டும்: "ஒரு காபி" என்பதை "முழுச் சாப்பாடு, அதன்மேல் ஒரு காபி" என்று படிக்கவும். என் மைத்துனர் இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் பிரிப்பார், திருத்தத்தை அங்கே போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
குரோம்பேட்டை வாசகர்
(22 வருடச் சந்தாதாரர்)