வெட்டப்பட்ட நாற்காலிக் கை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைகன் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1955-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவர் தொகுத்தளித்த ‘மனிதக் குடும்பம்’ கண்காட்சிக்குப் பாதிக்கு மேல் இடம் கொடுத்த கட்டுரையாளர், 1923 முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் ‘வோக்’ ஆடை அலங்கார இதழுக்காகவும் ‘வேனிட்டி ஃபேர்’ இதழுக்காகவும் அவர் எடுத்த படங்களைப் பிழைப்புக்காகச் செய்த வேலை என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அந்தக் கண்காட்சியில் இருந்த 503 படங்களில் மிகப் பெரும்பாலானவை பிறர் எடுத்தவை. ஸ்டைகனின் கண்ணையும் கையையும் காண விரும்புபவர் பத்திரிகைப் படங்களுக்குத்தான் வரவேண்டும்.

1911-இல் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் பால் புவாரேயின் உடைகளை அவர் படமெடுத்தபோது, ஓவியம் போல் மங்கலாக, மென்மையாகப் படம் எடுப்பதே உயர்ந்த ரசனையாகக் கருதப்பட்டது. அவரும் அப்படித்தான் எடுத்தார். அந்தப் பழக்கத்தை மாற்றியது முதல் உலகப்போர். விமானத்திலிருந்து எதிரியின் நிலைகளைப் படமெடுக்கும் அமெரிக்கப் படைப்பிரிவில் பொறுப்பு வகித்தவருக்கு மங்கலால் என்ன பயன்? போர் முடிந்ததும் தம் ஓவியங்களை எரித்துவிட்டு, ஒரு வெள்ளைக் கோப்பையையும் தட்டையும் வைத்துக்கொண்டு, வெண்மைக்கும் கருமைக்கும் இடையிலுள்ள சாயல்களைப் பிடிப்பதற்காக ஆயிரம் முறைக்கு மேல் படமெடுத்துப் பழகினார். இத்தனைக்கும் அப்போது அவர் நாற்பது வயதைத் தொட்டிருந்த, பெயர்பெற்ற கலைஞர். ‘வோக்’ இதழில் அவருக்கு முன்பிருந்த பரோன் அடால்ஃப் டி மேயர், பின்னாலிருந்து ஒளியைப் பாய்ச்சி ஆடையை மினுங்கச் செய்வதில் மன்னர். அந்த மினுமினுப்பை விலக்கி, துணியின் மடிப்பும் தையலும் தெரியும்படி எடுத்தது ஸ்டைகனின் துணிச்சல் என்பேன்.

1924-இல் நடிகை குளோரியா ஸ்வான்சனை எடுத்த படத்தைப் பாருங்கள். முகத்துக்கு முன்னே கறுப்புச் சரிகைத் துணி தொங்குகிறது. பூவேலைப்பாட்டின் இடைவெளிகளில் அசையாத இரு கண்கள் நம்மை நோக்குகின்றன. இலைகளுக்குப் பின் பதுங்கி இரையைப் பார்க்கும் பெண் சிறுத்தை என்று ஸ்டைகனே பின்னாளில் அதை வருணித்தார். இதைப் பிழைப்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இறுதியாக ஒரு குறை. 1903-இல் எடுக்கப்பட்ட வங்கி அதிபர் ஜே. பி. மார்கனின் படத்தைக் கட்டுரையோடு வெளியிட்டிருந்தீர்கள். மார்கன் சில நிமிடங்களே அமர்வார் என்பதால், கட்டடப் பராமரிப்புப் பணியாளர் ஒருவரை அதே நாற்காலியில் உட்காரவைத்து முன்கூட்டியே ஒளியமைப்பைச் சரிபார்த்திருந்தார் ஸ்டைகன். தலையைச் சற்றுத் திருப்பச் சொன்னதும் எரிச்சலடைந்த மார்கனின் முறைப்பு அப்படியே பதிவானது. அவர் பற்றியிருந்த நாற்காலிக் கை ஒளிபட்டுக் குத்துவாள் போல் மின்னியது. அச்சைக் கண்ட மார்கன் அதைக் கிழித்தெறிந்தார் என்பார்கள். தாங்களோ படத்தை மார்பளவோடு வெட்டி, அந்தக் கையையே காணாமல் செய்துவிட்டீர்கள். அடுத்த இணைப்பிலாவது அந்தப் படத்தை முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்