புதியதா என்று பாராமல் தரும் காப்புரிமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உயிரித் தொழில்நுட்பம் பற்றி வந்த கட்டுரையில், தென்னாப்பிரிக்காவில் ஆண்டுதோறும் பதிவாகும் காப்புரிமைகளே அரசின் அறிவியல் கொள்கை வென்றதற்குச் சான்று என்றொரு வரி இருந்தது. அதைப் படித்த பிறகு மீதிக் கட்டுரை மனத்தில் ஏறவில்லை. தங்கள் இதழை நம்பிப் படிப்பவள் என்பதால்தான் இத்தனை வருத்தம்.

தாங்கள் அறியாததில்லை. 1978ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்கீழ், தாள்கள் ஒழுங்காக இருந்து கட்டணமும் கட்டிவிட்டால் இங்கே காப்புரிமை கிடைத்துவிடுகிறது. கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா என்று காப்புரிமைப் பதிவகம் தேடிப் பார்ப்பதில்லை. இந்த முறையை மாற்றி, ஆய்ந்து பார்த்தே வழங்குவோம் என்று 2018இல் அமைச்சரவை ஏற்ற கொள்கை சொன்னது. ஆனால் 2021 ஜூலையில், செயற்கை நுண்ணறிவு எந்திரத்தைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டி, அமெரிக்காவும் ஐரோப்பாவும் தள்ளிய விண்ணப்பத்துக்கு இந்நாடு காப்புரிமை கொடுத்தது. பதிவாகிறவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டாருடையவை என்பதையும் கட்டுரையாளர் சொல்லவில்லை. இந்த எண்ணிக்கையை வைத்து எதை அளப்பது?

நான் இருபத்தாறு ஆண்டுகள் ஆய்வுக்கூட உதவியாளராகக் கரும்புத் திசு வளர்ப்பில் வேலை பார்த்தவள். கரும்புக் குருத்தை நறுக்கிக் குடுவையில் வைத்தால், வெட்டிய இடத்திலிருந்து கசியும் சாறு இரண்டே நாளில் துண்டு வளரும் சத்துக் கூழான ஊடகத்தைக் கறுக்கவைத்துத் துண்டையும் கொன்றுவிடும். அதைத் தடுக்க எங்கள் குழு இரண்டு பருவம் பாடுபட்டு ஒரு வழி கண்டது. ஒரு திங்கட்கிழமை காலையில் நாற்பது குடுவைகளிலும் ஊடகம் தெளிவாகவே இருந்ததையும், துண்டுகளில் பச்சை கட்டியிருந்ததையும் பார்த்து நான் அழுதுவிட்டேன். பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி பற்றிய 2008ஆம் ஆண்டுச் சட்டம், கண்டதைத் தொண்ணூறு நாளுக்குள் நிறுவனத்திடம் தெரிவிக்கச் சொல்கிறது, நாங்களும் தெரிவித்தோம். கோப்பைப் பார்த்தவர்கள் மூன்று முறை மாறினார்கள். இதற்கிடையில், பணம் தந்தவர்கள் முடிவைக் காட்டச் சொன்னதால் அதை ஒரு மாநாட்டில் சுவரொட்டியாக வைத்தோம். வெளியே காட்டியது இனிப் புதியதாகாது, காப்புரிமை வாங்கினாலும் நிற்காது என்று பிறகுதான் சொன்னார்கள். வைப்பதற்கு முன் ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா? வருவாயில் கண்டுபிடித்தவர்களுக்கும் பங்கு உண்டென்று அதே சட்டம் எழுதி வைத்திருக்கிறது. வருவாய் வரும் வழி அன்றோடு அடைபட்டது.

2001ஆம் ஆண்டுத் தேசிய உயிரித் தொழில்நுட்ப உத்தி பிராந்திய மையங்களைக் கொண்டுவந்தபோது எங்களைப் போன்றோர் எவ்வளவு நம்பினோம்! டர்பனில் லைஃப்லேப், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிளான்ட்பயோ என்று பக்கத்திலேயே இரண்டு இருந்தன. பத்தாண்டு நிறையும் முன்பே எல்லாவற்றையும் தொழில்நுட்பப் புத்தாக்க முகமை என்ற ஒரே அரசு அமைப்புக்குள் சேர்த்துவிட்டார்கள். 2014 தொடக்கத்தில் உயிரிப் பொருளாதார உத்தி என்று மறுபடி ஒன்று வந்தது. ஒரு கரும்பு ரகத்தை உருவாக்கவே பத்தாண்டுக்கு மேல் ஆகும்; அதற்குள் கதவில் பலகையை மாற்றிக்கொண்டே இருந்தால் வேலை எப்படி நடக்கும்?

என் ஆயா வெட்டிய கரும்பின் பெயர் என்கோ 376. 'என்' நேட்டாலைக் குறிப்பது, 'கோ' கோயம்புத்தூரைக் குறிப்பது. அங்கே ஒட்டுச்சேர்த்த கரும்பின் விதை கடல் தாண்டி வந்து, இங்கே மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் முளைத்துத் தேர்வானது. 1925 முதல் அந்த நிலையம் விவசாயிகளும் ஆலைகளும் தரும் பணத்தில் இடம் பெயராமல் நடந்து வருகிறது. கரும்புக்காக 1860இல் இங்கே வந்திறங்கியவர்களின் வழிவந்த நமக்கு, அந்த நிலையத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் கொள்கையின் வெற்றியைப் பற்றி மட்டும் எழுதியது மிகவும் வலிக்கிறது.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். ஆய்வுக்கூடங்களில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்காக அரைப் பக்கம் ஒதுக்கி, மாநாட்டுக்கோ பத்திரிகைக்கோ கொடுக்குமுன் காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போடவேண்டும் என்பதையும், போட்டபின் முழு விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு மாதம் உண்டு என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத ஆள் கிடைக்காவிட்டால் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
வெருலம், குவாசுலு-நேட்டால்