ஒரு பில்லுக்கு எத்தனை கிளிக்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் வணிக மென்பொருள் கட்டுரையில், புதிய வசதிகளைக் கற்றுக்கொள்ள ஊழியர்கள் தயங்குவதுதான் பிரச்சினை என்று போகிற போக்கில் ஒரு வரி. 22 வருடமாகக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஒரு தயக்கக்காரன் எழுதுகிறேன்.

என் வேலை பெரும்பாலும் பில் பதிவதுதான். பழைய மென்பொருளில் அதற்கு ஒரே திரை. என்டரைத் தட்டிக்கொண்டே போனால் முடிந்துவிடும், மவுஸைத் தொட வேண்டாம். போன வருடம் மாற்றியதில் அதே பில்லுக்கு நான்கு டேப், அதாவது மாற்றி மாற்றித் திறக்க வேண்டிய நான்கு பக்கம். மூன்றாவதில் 'திட்டக் குறியீடு' என்று ஒரு கட்டாயக் கட்டம். எங்களிடம் திட்டமும் இல்லை, குறியீடும் இல்லை. எல்லோரும் 1 என்று அடிக்கிறோம். மாதக் கடைசியில் அந்த 1-ஐ வைத்து மேலாளருக்கு ஒரு வட்ட வரைபடம் போகிறது. முழு வட்டமும் ஒரே நீலம். அதையும் பார்த்துத் தலையாட்டுகிறார்.

பயிற்சி தர வந்த பையனிடம் இதை எடுக்க முடியாதா என்று கேட்டேன். "ஒரு பெரிய வாடிக்கையாளர் கேட்டு வைத்தது சார், எடுத்தால் அவர் கத்துவார்" என்றான். நாங்கள் கத்தினால் கேட்க ஆளில்லை. சந்தாவைப் புதுப்பிக்கும்போது புதிதாக எதையாவது காட்டியாக வேண்டும் என்பதும் அவன் சொன்னதுதான். பாவம், உண்மையைச் சொல்லிவிட்டான்.

கற்றுக்கொள்ளத் தயக்கமாம்! மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 97-ல் உதவுகிறேன் என்று கண்ணை உருட்டிக்கொண்டு வந்து நின்ற பேப்பர் கிளிப் பொம்மையைச் சகித்தோம். ஆபீஸ் 2000-ல் மெனு நீண்டுபோனதென்று அடிக்கடி தொடாதவற்றை ஒளித்துவைத்தார்கள், தேடிப் பிடித்தோம். 2007-ல் மெனுவையே தூக்கிவிட்டு, ரிப்பன் என்று மேலே ஒரு பட்டன் பட்டையை வைத்தார்கள். சரி, அதையும் படித்தோம். இப்போதைய மென்பொருளில், பாதி பில்லில் ஒரு பெட்டி குறுக்கே வந்து "உதவட்டுமா?" என்கிறது. அது நகர்ந்தால் போதும்.

வாங்குகிறவர் வேறு, அதில் மாரடிக்கிறவர் வேறு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. டெண்டரில் 'இது உண்டா, அது உண்டா' என்றுதான் கேட்கிறார்கள். 'இல்லை' என்று எழுதும் நிறுவனம் வெளியே. விற்க வந்தவரிடம் ஒரு பில் பதிந்து காட்டச் சொன்னேன். அது அடுத்த அமர்வில் என்றார். அடுத்த அமர்வு நடக்கவே இல்லை.

இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது: வாங்கும் குழுவின் கோப்பில் உங்கள் பத்திரிகையின் ஒப்பீட்டு அட்டவணையும் ஜெராக்ஸாக இருந்தது. அதிக டிக் வாங்கியதைத்தான் எங்கள் தலையில் கட்டினார்கள்.

அடுத்த முறை அந்த அட்டவணையில் ஒரு வரிசை கூட்டுங்கள்: ஒரு பில் பதிய எத்தனை கிளிக்? எங்களுடையதில் 14. எண்ணிப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவிலிருந்து ஒரு வாசகர்