திருகோணமலையில் பெண்கள் வரலாற்று அருங்காட்சியகம் அமைக்கக் கட்டடம் ஒதுக்கித் தரக் கோரும் மனு

கௌரவ ஆளுநர் அவர்கள்,
ஆளுநர் செயலகம்,
கிழக்கு மாகாணம்,
திருகோணமலை.

விடயம்: பாவனையில் இல்லாத பழைய அரச கட்டடம் ஒன்றைப் பெண்கள் வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குதல்

கௌரவ ஆளுநர் அவர்களுக்கு,

நான் இந்த ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவள். ஒருமுறை எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளை அருங்காட்சியகம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். பீரங்கி, நங்கூரம், தளபதிமாரின் படங்கள் எல்லாம் பார்த்து வெளியே வரும்போது ஒரு பிள்ளை, "ரீச்சர், அந்தக் காலத்தில இங்க பொம்பிளையள் இருக்கேல்லையா?" என்று கேட்டாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருந்தார்கள். எங்கள் மாவட்டத்துப் பளமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, விஜயபாகு மன்னன் காலத்தில் நங்கைசானி என்ற பிராமணப் பெண், இறந்த கணவரின் நினைவாகக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்குக் கொடுத்த கொடையைச் சொல்கிறது. ஏறக்குறைய 900 வருடமாகக் கல்லில் நிற்கும் பெயர். கோணேசர் கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் குளக்கோட்டன் மன்னனைத் தெரியாத பிள்ளை இங்கே இல்லை. நங்கைசானியைத் தெரிந்த பிள்ளையை நான் கண்டதில்லை. படிப்பித்தவளே நான்தான் என்பதால் அந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு.

1923இல் பெண்பிள்ளைகள் படிக்கவென்று தங்கம்மா சண்முகம்பிள்ளை தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. அங்கே படித்து டாக்டராகவும் பொறியியலாளராகவும் போனவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்த அம்மையார் எப்படி வாழ்ந்தார், எவரோடு மல்லுக்கட்டிப் பள்ளியை நடத்தினார் என்று ஒரு பிள்ளை போய்ப் பார்க்க நகரில் ஓர் அறைகூட இல்லை. இதே ஊரில் இருந்துகொண்டு நாவல் நாவலாக எழுதிய ந. பாலேஸ்வரி 2014இல் காலமானார். அவர் எழுதிய பேனாவையும் கடிதங்களையும் வீடு தேடிப் போய்க் கேட்டு வாங்கி வைக்க ஓர் இடம் வேண்டாமா?

நாடளவில் பார்த்தாலும் சொல்ல நிறைய உண்டு. 1931இலேயே இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள். பிரான்சில் பெண்களுக்கு அந்த உரிமை 1944இல்தான் கிடைத்தது. 1932இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அந்நாளைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவானார். தோட்டத் தொழிலாளருக்காகப் பாட்டெழுதி, கூட்டங்களில் தானே பாடிய மீனாட்சி அம்மாளும் இருக்கிறார். 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரானவரை எல்லோருக்கும் தெரியும், அவருக்கு எங்கள் தயவு தேவையில்லை.

எனக்கு அதிகம் கவலை பெயர் வெளியே வராதவர்களைப் பற்றித்தான். கடகத்தில் மீன் சுமந்து வீடு வீடாக விற்றவர்கள், மூதூர், கிண்ணியாப் பக்கம் பன்பாய் இழைத்தவர்கள், ஆஸ்பத்திரி எட்டாத ஊர்களில் பிரசவம் பார்த்த மருத்துவிச்சிமார், யுத்த காலத்தில் ஒரு தையல் மெஷினை மட்டும் வைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள், காணாமல் போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடி வருடக்கணக்காக வீதியோரம் இருந்த தாய்மார். வியட்நாமில் ஹனோய் நகரின் பெண்கள் அருங்காட்சியகம், தெருவில் சுமைகட்டி விற்கும் பெண்களைப் பற்றியே தனிக் காட்சி வைத்தது. நாங்களும் அப்படி வைக்கலாம். தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் மூவரும் அதில் இருக்க வேண்டும், விளக்கப் பலகைகளும் மூன்று மொழியில் இருக்க வேண்டும்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. இடம்பெயர்ந்தபோது வீடுகளில் இருந்த படங்களும் கடதாசிகளும் போயின. மிஞ்சியதில் ஒரு பங்கை 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோனது. இப்போது எஞ்சியிருப்பது எண்பது வயதைத் தாண்டிய அம்மம்மாமாரின் நினைவு மட்டும். போன வருடம் பேச்சைப் பதிவு செய்யலாம் என்று நினைத்திருந்த ஒருவரின் செத்தவீட்டுக்குத்தான் போக நேர்ந்தது.

புதுக் கட்டடம் கேட்கவில்லை. அடிக்கல் நாட்டிய பலகைகளை இந்த ஊர் போதுமான அளவு பார்த்துவிட்டது. அமெரிக்காவில் இப்படியொரு அருங்காட்சியகத்துக்கு 2020 டிசம்பரில் சட்டமே நிறைவேறியது, கட்டடம் இன்னும் எழவில்லை. டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரில் பழைய நகர மண்டபத்திலேயே 1984இல் தொடங்கிவிட்டார்கள். இங்கேயும் ஒல்லாந்தர் காலத்துக் கடற்படை ஆணையாளர் இல்லத்தைத் திருத்தித்தானே கடல்சார் அருங்காட்சியகம் ஆக்கினார்கள்? கூரை ஒழுகாத நாலு அறையும், மின்சாரமும், சாமான்களைப் பதிவுசெய்து பராமரிக்கப் பயிற்சி பெற்ற ஓர் உத்தியோகத்தரும் இருந்தால் தொடங்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலர் ஊர் ஊராகப் போய் வாய்மொழிகளைப் பதிவுசெய்ய ஆயத்தமாக இருக்கிறோம். அதற்குச் சம்பளம் வேண்டாம். பிரதேச செயலகங்களும் கிராம உத்தியோகத்தர்களும் ஒத்துழைக்கும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

இதுவரை எங்களிடம் தருவதாகச் சம்மதித்தவர்களின் பொருட்பட்டியலை இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் நேரம் ஒதுக்கினால், பட்டியலில் முதலாவதாக உள்ள தையல் மெஷினின் சொந்தக்காரியும் என்னோடு வருவார். மாடி ஏற அவரால் முடியாது. ஆகையால் கீழ்த்தளத்தில் சந்திக்க ஒழுங்கு செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.