பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் 10 மனநல நாள் வந்தால் எல்லாப் பத்திரிகையிலும் ‘குடும்பத்தினர் அரவணைக்க வேண்டும்’ என்று எழுதுகிறீர்கள். சரி. அந்தக் குடும்பத்தினர் என்பது பல வீடுகளில் எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கிற ஒரு பிள்ளை என்பதையும் சேர்த்து எழுதலாமே. நான் அப்படி வளர்ந்தவள்.

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றுவாள். அவளுக்கு இருந்தது மனச்சிதைவு நோய். அந்தப் பெயரே எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரியும், ஊரில் அப்போது சொன்னது யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்பதுதான். மடியில் பீடித்தட்டை வைத்து இலையில் தூளைப் போட்டு உருட்டிக்கொண்டே இருப்பாள், திடீரென்று கை நிற்கும், சுவரைப் பார்த்து யாருக்கோ பதில் சொல்வாள், மறுபடி நூலைச் சுற்றுவாள். சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று அவள் காதில் மட்டும் கேட்கிற அந்தக் குரல் சொன்ன நாட்களில், “ஏட்டி, நீ ஒரு வாய் தின்னு பாப்போம்” என்று என் பக்கம் தள்ளுவாள். நான் தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து காட்ட வேண்டும், அப்புறம்தான் அவள் கை வைப்பாள். பெற்ற பிள்ளையை வைத்தா சோதித்தாள் என்று கேட்பவர்கள் உண்டு. நோய் அப்படித்தான், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

கோயில் கொடையில் சாமியாடியிடம் திருநீறு, அங்கே இங்கே நேர்ச்சை எல்லாம் முடிந்து கடைசியில்தான் மனநல டாக்டர். மாத்திரையில் குரல் அடங்கியது. ஆனால் விரல் விறைத்து, கை நடுங்க ஆரம்பித்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்கு விரல் ஓடாவிட்டால் என்ன கதி? மாத்திரையை இலைக்கட்டுக்கு அடியில் செருகிவிடுவாள். வீட்டில் எனக்கு மட்டும்தான் அது தெரியும். “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாங்களா?” என்று டாக்டர் அப்பாவிடம் கேட்டார், அப்பா ஆமா என்றார், பக்கத்தில் நின்ற என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய மாத்திரைகளில் இந்த விறைப்பு அடிக்கடி வருவது, அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம், விறைப்புக்கென்றே தனி மாத்திரை உண்டு என்பதெல்லாம் நான் வளர்ந்து விசாரித்துத் தெரிந்துகொண்டது. அதற்குள் அம்மா மறுபடி வார்டுக்குப் போய் வந்தாயிற்று.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், சிகிச்சைக்குச் சேரும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல விஷயம். அதே அக்கறையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைமேலும் கொஞ்சம் வைக்கலாம். இப்போது மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிக்கே மனநல மருத்துவர் வருகிறார். ஓ.பி. சீட்டில் ‘வீட்டில் படிக்கிற பிள்ளை உண்டா’ என்று ஒரு வரி சேர்த்து, உண்டென்றால் அடுத்த முறை கூட்டிவரச் சொல்லி, பெரியவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசட்டும். இது நோய், உன்னால் வந்ததில்லை என்று சொல்லட்டும். வீட்டில் என்ன நடக்கிறது என்றும் கேட்கட்டும்.

எனக்கும் வருமா என்கிற பயத்துக்கும் பதில் சொல்லட்டும். பெற்றவர்களில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் பத்து அளவில்தான், அதாவது பெரும்பாலோருக்கு வராது. இது தெரியாமல்தான் நான் வயதுக்கு வந்த காலமெல்லாம் என் காதில் ஏதாவது கேட்கிறதா என்று ராத்திரி விழித்துக் கிடந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் வேறு, “அம்மைக்கு அப்பிடியாமே” என்று பாதியில் எழுந்து போனார்கள். அவர்கள் கதை இங்கே வேண்டாம்.

2022-லிருந்து டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் மனநல உதவி போன் எண் 14416 இருக்கிறது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பள்ளிக்கூடச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 எழுதியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அதையும் எழுதச் சொல்லி உங்கள் பத்திரிகை ஒரு செய்தி போட வேண்டும்.

பெயர் வெளியிட வேண்டாம்,
ஒரு வாசகி,
திருநெல்வேலி மாவட்டம்