கினிப்பன்றிக்கும் மூட்டு தேயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வயதான நாயை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று போன ஞாயிறு உங்கள் பக்கத்தில் வந்திருந்தது, நன்றாக இருந்தது. அதே போல கினிப்பன்றி, முயல் மாதிரி சின்ன ஜீவன்களைப் பற்றியும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். எங்கள் வீட்டில் கருப்பட்டி என்று ஒரு கினிப்பன்றி இருக்கிறான். ஆறு வயது முடிந்துவிட்டது. இவை பொதுவாக ஐந்திலிருந்து எட்டு வருடம்தான் இருக்கும், அப்படிப் பார்த்தால் அவன் தாத்தா.

பிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே கம்பியைப் பிடித்து எழுந்து நின்று வீல் வீல் என்று கத்துகிறவன், மார்கழியில் ஒருநாள் படுத்த இடத்திலிருந்தே கத்தினான். தூக்கிப் பார்த்தால் இடது பின்னங்காலை ஊன்றவே இல்லை, அடிவயிறு நனைந்து மூத்திர வாடை. முதலில் காட்டிய இடத்தில் கையில்கூட வாங்கிப் பார்க்காமல், "வயசாயிடுச்சும்மா, எலி ஜாதிதானே, விடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் பையனுக்கு வாங்கி மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுத்தார், நல்ல மனதோடுதான். நல்லவேளை, நான் ஊற்றவில்லை. அது உள்ளே போனால் கினிப்பன்றியின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து உயிருக்கே ஆபத்து என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவதாகப் பார்த்த கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். முழங்கால் மூட்டு தேய்ந்திருந்தது. அதோடு, என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டார். கேரட், முயல் தீனி என்றேன். பிரச்சினையில் பாதி அங்கேதான் இருந்தது. முயல் தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும், அதனால் முயல் தீனியில் அது இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கினிப்பன்றியால் நம்மைப் போலவே தயாரிக்க முடியாது, தினமும் சாப்பாட்டில்தான் கிடைக்க வேண்டும். கேரட்டில் அது ரொம்பக் கம்மி. குறைந்தால் மூட்டு வீங்கும், உள்ளே ரத்தம் கசியும், வலியில் நடக்காது, நாமோ வயசு என்று நினைத்துக்கொள்வோம். 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் வெறும் தானியமாகப் போட்டு கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய், வந்ததையும், பச்சைக் காய்கறி கொடுத்தால் சரியாவதையும் எழுதி வைத்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த இந்த விஷயத்தை, கூண்டும் தீனியும் சேர்த்து விற்ற கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான்.

இப்போது தினமும் குடைமிளகாய் ஒரு துண்டு, கொஞ்சம் கொத்தமல்லி, எப்போதாவது கொய்யா. காய்ந்த புல் எந்நேரமும் எட்டும் தூரத்தில் கிடக்கும், ஏனென்றால் அரைநாள் சாப்பிடாமல் கிடந்தாலே இவற்றுக்குக் குடல் நின்றுபோகும். வலிக்கு மெலாக்சிகாம், எடை பார்த்து மருத்துவர் எழுதிய அளவு மட்டும், மனிதர் மாத்திரை எதுவும் கிடையாது. முன்பு தரையில் செய்தித்தாள் விரிப்போம், அதில் கால் வழுக்கி விரிந்துவிடுகிறது, ஈரமும் தங்குகிறது. அதை எடுத்துவிட்டு பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டேன், மறுநாளே இரண்டடி கூடுதலாக நடந்தான். தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து குடிக்க முடியாமல் போனதால் தட்டையான மண் சட்டிதான். கம்பித் தரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே மாற்றுங்கள், பாதம் புண்ணாகிவிடும்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். கினிப்பன்றி தன் மென்மையான புழுக்கையைக் குனிந்து நேராக எடுத்துத் தின்னும், அதில்தான் அதற்கு வேண்டிய சத்து இருக்கிறது. மூட்டு வலி வந்தால் குனிய முடியாது. ஆண் என்றால் ஆசனவாயிலில் அது அடைத்தும்கொள்ளும். கருப்பட்டிக்குத் தினமும் ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்கிறேன். எடுத்த மென்புழுக்கையை மூக்கருகே நீட்டினால் அவசரமாக வாங்கிக்கொள்கிறான். பத்து நிமிஷ வேலை. அப்புறம் வெயில். முப்பது டிகிரி தாண்டினாலே இவற்றால் தாங்க முடியாது, நம்ம ஊர் சித்திரையில் நடக்க முடியாத ஒன்றால் நிழலுக்கும் நகர முடியாது. ஜன்னலில் நனைத்த சாக்கு, படுக்க ஒரு குளிர்ந்த டைல்ஸ் துண்டு, இவ்வளவுதான் செலவு.

விற்கிற கடைகள் இந்த ஜீவனுக்கு வைட்டமின் சி தினமும் வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டாவது எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த ஊரில் எந்தக் கால்நடை மருத்துவர் சின்னப் பிராணிகளைப் பார்க்கிறார் என்று உங்கள் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டால் இன்னும் பல பேருக்கு உதவும். ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் கருப்பட்டியை நிறுத்துப் பார்க்கிறேன். மார்கழியில் 760 கிராம் இருந்தான், நேற்று 845.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை