செருப்பு போட்டுக்கொள், பாப்பா

மன்னார்குடி,
ஆடி 3.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்கு இப்போது தேவலை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஆடி பிறந்ததிலிருந்து கடையில் உட்கார நேரமில்லை. நாலு மாரியம்மன் கோயிலுக்கு மைக் செட் போயிருக்கிறது. ஐந்தாவது கோயிலுக்குக் குழாய் ஸ்பீக்கர் பற்றாமல் திருத்துறைப்பூண்டியிலிருந்து வாடகைக்கு எடுத்துப் போட்டேன். மாமாதான் பையன்களை வைத்துக் கட்டினார்.

போனில் நீ 'ம்' என்கிறாய், 'சரிப்பா' என்கிறாய், 'அப்புறம் பேசறேன்' என்று வைத்துவிடுகிறாய். போன செவ்வாய் ராத்திரி பதினொரு மணிக்கு நீ பேசியபோது பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வைக்கிற சின்னது இல்லை, 62 கேவிஏ இருக்கும். லோடு ஏறும்போது ஒரு தரம் முனகி, அப்புறம் நிமிர்ந்தது. அந்த நேரத்தில் ஹாஸ்டலில் அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தைச் சித்தி வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். ஹாஸ்டலுக்கு அனுப்பினால் உன் கைக்கு வந்து சேருமோ சேராதோ என்றிருந்தது. சித்தியிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

பாஸ்புக்கில் வரவு போட்டு வாங்க பேங்குக்குப் போயிருந்தேன். உன் ஹாஸ்டல் டெபாசிட் 10,000 ரூபாய் திரும்பி வந்து விழுந்திருக்கிறது. இது எதற்கு என்று அம்மா கேட்டாள். வருஷம் முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்குவார்கள் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பணத்தை நான் தொடவில்லை, அப்படியே கிடக்கிறது. மூன்றாம் வருஷத்துக்குக் கட்டக் கடைசித் தேதி எது என்று தெரிந்தால் நல்லது.

மேடை ஏறும்போது ரப்பர் செருப்பு போட்டுக்கொள்கிறாயா? ஷூ என்றாலும் சரி, அடி ரப்பராக இருக்க வேண்டும். ஈரத்தில் நின்றுகொண்டு மைக்கைத் தொடாதே. எவ்வளவு பெரிய கம்பெனி, எவ்வளவு பெரிய மேடை என்றெல்லாம் பார்க்காதே. முதலில் டெஸ்டரை வைத்துப் பார்.

உன் காதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஹரித்ரா நதிக் குளத்துத் தெப்பத்துக்கு நாம் செட் போட்டபோது உனக்கு ஒன்பது வயது. குளத்தைச் சுற்றி எட்டு குழாய் கட்டியிருந்தோம். நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்து, 'அப்பா, வடகரைக் குழாய் மூக்கால பேசுது' என்றாய். நானும் மாமாவும் நின்று கேட்டோம், எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இறக்கிக் கழற்றிப் பார்த்தால் உள்ளே அதிர்கிற டயாஃப்ரத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். நாதஸ்வரத்துக்கு மைக்கை அடியில் விரிந்திருக்கிற அணசுக்கு நேரே வைக்காதே, விரல் ஓடுகிற துளைகளிலிருந்தும் சத்தம் வருகிறது, கொஞ்சம் மேலே பக்கவாட்டில் வை என்று உனக்குப் பதின்மூன்று வயதில் காட்டிக்கொடுத்தேன். காலேஜில் சேர்ந்த முதல் மாதம், கிளாரினெட்டுக்கு மைக் எங்கே வைப்பீர்கள் என்று சார் கேட்டதற்கு வகுப்பிலேயே நீ ஒருத்திதான் சரியாகச் சொன்னாய் என்று போன் செய்தாயே. அதை நான் பந்தலடி டீக்கடையில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று மாமாவைக் கேள்.

அப்படிப்பட்டவள் பொங்கலுக்கு வந்தபோது என்ன சொன்னாய்? 'கிளாஸ்ல போர்டுல எழுதிப் போடறாங்கப்பா. ஒரு ஷோவுக்குப் போனா ஆறு மாசப் பாடம் ஒரே ராத்திரியில வந்துடுது. வேலைதான் கத்துக்கொடுக்கும்.' ரகுமான் எந்தக் காலேஜில் படித்தார் என்று அம்மாவிடம் வேறு கேட்டாய். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அவர் ஒன்பது வயதில் அப்பாவை இழந்தவர். வீட்டைக் காப்பாற்றக் கீபோர்டு வாசிக்கப் போனார். பள்ளிக்கூடத்தை அவர் ஆசைப்பட்டு விடவில்லை. அப்படி வளர்ந்தவரே 2008-இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். ஸ்டுடியோவே எல்லாம் கற்றுக்கொடுத்துவிடும் என்று அவர் நினைத்திருந்தால் இதை ஏன் செய்கிறார்? 2009-இல் அவர் ஆஸ்கர் வாங்கிய அதே மேடையில் சவுண்டுக்கு வாங்கினாரே ரசூல் பூக்குட்டி, அவர் புனே திரைப்படக் கல்லூரியில் சவுண்டு படித்தவர். அன்று காலையில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தேன். எல்லோரும் ரகுமானைப் பார்த்தார்கள். நான் பூக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கைத்தொழிலாகக் கற்றதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அதில் சோறு தின்றவன் நான். 1991-இல் தஞ்சாவூரில் ஒரு கடையில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் ஒயர் சுற்றும் வேலைதான். ஒயர் முறுக்கேறாமல் எப்படி மாற்றி மாற்றிச் சுற்றுவது என்பது என் கைக்குத் தெரியும், வாயால் சொல்லத் தெரியாது. உனக்கும் கையைப் பிடித்துத்தான் காட்டினேன். எந்தப் புத்தகத்திலும் அது அப்படி வராது.

ஆனால் இன்னொன்றையும் கேள். மறு வருஷம் ஒரு கல்யாணத்தில் நாலு ஸ்பீக்கர் பாக்ஸை ஒரே ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். முகூர்த்தத்துக்கு அரை மணிக்கு முன்னால் புகை வந்தது. 2என்3055 டிரான்சிஸ்டர் நாலும் போய்விட்டது. முதலாளி கன்னத்தில் ஒன்று வைத்து, 'இனிமே ரெண்டுக்கு மேல மாட்டாதே' என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். முப்பது வருஷம் நான் ரெண்டுக்கு மேல் மாட்டியதில்லை. நீ முதல் செமஸ்டர் லீவுக்கு வந்து, பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாய்: எட்டு ஓம் பாக்ஸ் நாலைப் பேரலலில் போட்டால் 2 ஓம், ஆம்ப் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. அன்று ராத்திரி கடையைச் சாத்தியபிறகு நான் தனியாக உட்கார்ந்து, அதுவரை போட்ட இணைப்பையெல்லாம் அந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். மணி ஒன்றாகிவிட்டது. அம்மா வந்து கூப்பிட்டாள்.

அப்புறம் போன வருஷம் மே மாதம், அந்த மண்டபம். கீபோர்டை மாட்டியதும் இரைச்சல். நான் வழக்கம்போல ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ குனிந்து ஆம்ப் பிளக்கைப் புரட்டி, 'இதுல எர்த் பின் எங்கப்பா?' என்றாய். அப்புறம் யாரையும் கேட்காமல் மிக்சரையும் ஆம்ப்பையும் ஒரே போர்டுக்குக் கொண்டுவந்தாய். வேறு பிளக் மாற்றினாய். உன் பையிலிருந்து அந்த டிஐ பாக்ஸ் என்கிற சின்னப் பெட்டியை எடுத்துக் கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் போட்டு, சின்ன ஸ்விட்சைத் தட்டினாய். சிக்னல் ஒயரில் வரும் எர்த்தை மட்டும் விலக்கிவிட்டு, கரண்ட் எர்த்தை அப்படியே விட்டாய். இரைச்சல் போய்விட்டது. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பையன்கள் எல்லோரும் உன்னையே பார்த்தார்கள்.

நான் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். 'ரெண்டு எழுத்துப் படிச்சுட்டு வந்து எனக்கா சொல்லித் தர்றே? படிச்சவனுக்குக் காது கிடையாது. வேலைதான் கத்துக்கொடுக்கும்.' நாற்பது பேர் நிற்கிற இடத்தில் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் பொங்கலுக்கு நீ எனக்கே திருப்பிச் சொன்னாய். அது உன் வார்த்தை இல்லை பாப்பா, என்னுடையது. அதை நம்பி நீ எந்த முடிவும் எடுக்காதே.

ஏன் அப்படிக் கத்தினேன் என்று இன்றைக்கு எழுதிவிடுகிறேன். மாமா கையைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கம்பத்திலிருந்து விழுந்தார் என்பதுதான். அம்மாவுக்கும் அதுதான் தெரியும். அது பொய். நான் சொன்ன பொய்.

நீ பிறப்பதற்கு முன்னால், 2003 ஆடி. மாரியம்மன் கோயில் பந்தல். சாயங்காலம் ஒரு மழை பெய்து விட்டிருந்தது. கோயில் என்பதால் யார் காலிலும் செருப்பு இல்லை. ஆர்மோனியக்காரர் உட்கார்ந்ததும் இரைச்சல் ஆரம்பித்தது. இரைச்சல் வந்தால் பிளக்கின் மூன்றாவது பின்னை, அந்த எர்த் பின்னை, வெட்டு என்றுதான் தஞ்சாவூரில் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கட்டிங் பிளேயரை எடுத்து வெட்டினேன். இரைச்சல் நின்றது. கூட்டம் அமைதியானது, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆம்ப்புக்குள் ஒரு ஒயர் தோல் உரிந்து அதன் இரும்புப் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மாமா மைக் ஸ்டாண்டை இறக்கப் போனார். வலது கை மைக்கில், இடது கை பந்தல் இரும்புக் காலில். அவர் மைக்கை விடவே இல்லை. என்னடா இவன் பிடித்துக்கொண்டே நிற்கிறான் என்று நினைத்தேன். விட முடியவில்லை என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மாமா மூன்று விரலால் சோறு பிசைந்து சாப்பிடுவதை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். அது நான் வெட்டிய பின். அம்மாவிடம் கம்பத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லிவிடலாம் என்று அவரிடம் கேட்டதும் நான்தான். 'சரி மச்சான்' என்றார். அதற்கப்புறம் ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் வாய் திறக்கவில்லை.

இதைவிட மோசமானதைச் சொல்கிறேன். அதற்குப் பிறகும் நான் வெட்டினேன். இரைச்சலை நிறுத்த வேறு வழி எனக்குத் தெரியாது. இரைச்சல் வந்தால் அடுத்த வருஷம் அந்தக் கோயில் நமக்கில்லை. அதனால்தான் செருப்பு, செருப்பு என்று உன்னை இத்தனை வருஷம் உயிரை எடுத்தேன். என்னிடம் இருந்த மருந்து அது ஒன்றுதான். நான் இருபது வருஷம் யாரிடமும் கேட்க வெட்கப்பட்ட விஷயத்தை நீ பத்து நிமிஷத்தில் செய்துவிட்டு நிமிர்ந்தபோது, மாமா உனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் உன் கையையே பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் உன்னைத் திட்டினேன்.

உன்னைக் காலேஜுக்கு அனுப்பியதும் இதற்காகத்தான். பட்டம், கௌரவம் என்று உன்னிடம் ஏதேதோ சொன்னேன், அதெல்லாம் உண்மை இல்லை. நிலத்தை ஒத்திக்கு வைத்தது, ஒரு வேலையை ஏன் அப்படிச் செய்கிறோம் என்று தெரிந்த ஒருத்தி இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக. உன் காது எவ்வளவு நல்ல காதாக இருந்தாலும் பாடியில் கரண்ட் நிற்பது அதற்குக் கேட்காது. ஷோவுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. போ, சனி ஞாயிறு போ, ராத்திரியெல்லாம் போ. பாக்கி இருக்கிற ஒரு வருஷத்தை விட்டுவிடாதே.

இப்போது நீ யாரோடு போகிறாயோ, அவர்கள் பிளக்கைப் புரட்டிப் பார். வெட்டியிருந்தால் அந்த மேடையில் ஏறாதே, அன்றைக்குக் கூலி போனாலும் போகட்டும். சப் ஊஃபர் பக்கத்தில் மணிக்கணக்கில் நிற்காதே. 100 டெசிபலில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் என்று நீதான் எனக்குச் சொன்னாய். எனக்கு இடது காதில் சில்வண்டுச் சத்தம் கேட்காமல் போய் நாலு வருஷமாகிறது. செருப்பு போட்டுக்கொள்.

போன வாரம் கடையில் இருக்கிற பிளக் எல்லாவற்றையும் தரையில் கொட்டிப் பார்த்தேன். வெட்டியது 14 இருந்தது. எல்லாவற்றையும் நானும் மாமாவும் மாற்றிவிட்டோம். வெளியே போகிற போர்டு ஒவ்வொன்றிலும் நீ துண்டுச் சீட்டில் எழுதிவைத்துப் போன 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் தானே நின்றுவிடுகிற அந்த ஸ்விட்ச், போட்டாயிற்று.

ஆடிப்பெருக்குக்கு வா. மாமா கையைப் பற்றி அம்மாவிடம் நான் சொல்ல வேண்டும், நீ பக்கத்தில் இரு. உனக்கும் சொல்ல ஏதாவது இருந்தால் அதையும் அன்றைக்கே சொல்லிக்கொள்ளலாம். நான் கோபப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா.

பி.கு: வரும்போது ரிச்சி தெருவில் அந்த டிஐ பாக்ஸ் மூன்று வாங்கி வா. பணம் தனியாக அனுப்புகிறேன். அந்த 10,000 ரூபாயில் கை வைக்க வேண்டாம்.